பழைய கார்ட்டூனுக்கு வாரிசு எது: ஸ்பைடர்மேன் '94 காமிக்ஸா, அப்சல்யூட் பேட்மேனா?

கட்டம்கட்டி

2025 செப்டம்பரில் மார்வெல் 'ஸ்பைடர்மேன் '94' என்று ஒரு குறுந்தொடரைத் தொடங்கியது. 1994 முதல் 1998 வரை ஓடிய அனிமேஷன் தொடர் எங்கே நின்றதோ, அங்கிருந்தே கதையை எடுத்துக்கொண்டு போகிறது. எழுத்து ஜே. எம். டிமேட்டீஸ், ஓவியம் ஜிம் டோ. அந்தத் தொடர் எப்படி முடிந்தது என்று ஞாபகம் உள்ளவர்களுக்கு இது ஏன் பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. மேரி ஜேன் வேறொரு பரிமாணத்தில் காணாமல் போகிறாள். திரும்பி வந்து பீட்டரைக் கல்யாணம் செய்துகொண்டவள் அவளே இல்லை, ஒரு நகல். கடைசியில் நிஜமான மேரி ஜேனைத் தேடப் பீட்டரை மேடம் வெப் கூட்டிக்கொண்டு போகிறாள். அவ்வளவுதான். தேடினார்களா, கிடைத்தாளா என்று காட்டவே இல்லை. 65 அத்தியாயம் உட்கார்ந்து பார்த்தவர்களை அப்படியே அந்தரத்தில் விட்டுவிட்டார்கள்.

அதனால் இந்தக் காமிக்ஸ் வருகிறது என்றதும் எனக்கும் சந்தோஷம்தான். படித்தேன், ரசித்தேன். ஆனால் மூடி வைத்த பிறகு தோன்றியது வேறு. பழைய தொடரின் முகமும் உடையும் இதில் இருக்கின்றன. 90களின் கார்ட்டூன் தொடர்களைப் பார்த்தபோது வந்த உணர்வு மட்டும் எனக்கு வேறொரு புத்தகத்தில்தான் கிடைத்தது: 2024 அக்டோபரில் தொடங்கிய 'அப்சல்யூட் பேட்மேன்'. ஸ்காட் ஸ்னைடர் எழுத, நிக் டிராகோட்டா வரைகிறார். அதில் பேட்மேனாகும் புரூஸ் வேய்ன் பணக்காரன் இல்லை. மாளிகை இல்லை, குகை இல்லை, கூடவே இருக்கும் வேலையாள் ஆல்ஃப்ரெட் இல்லை. நகரத்துக்கு வேலை செய்யும் ஒரு சாதாரண இன்ஜினியர். அப்பா பள்ளி ஆசிரியர், அவர் மட்டும்தான் கொல்லப்படுகிறார். அம்மா மார்த்தா உயிரோடு இருக்கிறார். மார்பில் இருக்கும் வௌவால் சின்னத்தைக் கழற்றினால் கோடரி.

பழைய கார்ட்டூனின் உண்மையான வாரிசு இதுதான் என்பது என் கட்சி. வாருங்கள், அடித்துக்கொள்வோம்.

இரவுப்பறவை

மார்பில் கோடரி மாட்டியவன் 1992 பேட்மேன் கார்ட்டூனுக்கு வாரிசா? அந்தத் தொடரில் கண்ணாடியை உடைக்கவே யோசித்தார்கள். இதில் கையையே வெட்டுகிறான். நல்ல வாரிசு!

பழையபெட்டி

கட்டம்கட்டி, உங்கள் கட்சியில் பாதி எனக்கு ஒப்புதல். மீதிப் பாதியில் சண்டை இருக்கிறது. முதலில் ஒப்புதலைச் சொல்லிவிடுகிறேன்.

1992 செப்டம்பரில் ஃபாக்ஸில் 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்' வந்தபோது அது யாருடைய பழைய நினைவுக்கும் தீனி போடவில்லை. புரூஸ் டிம்மும் எரிக் ரடோம்ஸ்கியும் செய்த காரியங்களைப் பாருங்கள். அப்போது எல்லோரும் பின்னணியை வெள்ளைத் தாளில் வரைந்தார்கள். ரடோம்ஸ்கி கருப்புத் தாளில் வரைய வைத்தார். வெள்ளைத் தாளில் இருட்டைச் சேர்க்க வேண்டும். கருப்புத் தாளில் வெளிச்சத்தை மட்டும் சேர்த்தால் போதும். பேட்மேனின் காத்தம் நகரம் அப்படி இருட்டிலிருந்து எழுந்து நிற்பதற்கு அதுதான் காரணம். உருவங்களில் கோடுகளைக் குறைத்தார்கள். தசைநார் தசைநாராக வரைந்தால் அசையும்போது கெட்டுப்போகும் என்று டிம்முக்குத் தெரியும். அகலத் தோள், சதுரத் தாடை, முடிந்தது.

இசை அதைவிடப் பெரிய சமாச்சாரம். முகப்பு இசை டேனி எல்ஃப்மன் கொடுத்தது. ஆனால் தொடரைத் தாங்கியது ஷெர்லி வாக்கரும் அவர் குழுவும். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் புதிதாக எழுதி, வாத்தியக் குழுவை வைத்து வாசித்தார்கள். தொலைக்காட்சிக் கார்ட்டூன்களில் ஒரே பதிவுகளை வெட்டி ஒட்டி ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. குரலுக்கு ஆண்ட்ரியா ரொமானோ. முடிந்தவரை நடிகர்களை ஒரே அறையில் உட்கார வைத்துப் பதிவு செய்தார். கெவின் கான்ராயும் மார்க் ஹாமிலும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசியதால்தான் பேட்மேன், ஜோக்கர் காட்சிகளில் அந்தச் சூடு இருக்கிறது. புரூஸுக்கு ஒரு குரல், பேட்மேனுக்கு இன்னொரு குரல் என்று கான்ராய் பிரித்துப் பேசியது பிறகு வந்த எல்லோருக்கும் பாடமானது. 2022 நவம்பரில் அவர் போனபோது சினிமா பேட்மேன் யாருக்கும் காட்டாத துக்கத்தை ரசிகர்கள் காட்டினார்கள். காரணம் இதுதான்.

ஆக, துணிச்சலாகப் புதிதாகச் செய்வதுதான் அந்தத் தொடரின் குணம் என்றால், ஆமாம், ஒப்புக்கொள்கிறேன்.

சண்டை எங்கே என்றால், அவர்கள் எதையும் தலைகீழாகப் புரட்டவில்லை. ஐம்பது வருடக் காமிக்ஸைக் காய்ச்சி வடித்தார்கள். மிஸ்டர் ஃப்ரீஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1959இல் மிஸ்டர் ஜீரோ என்ற பெயரில் வந்த ஒரு சில்லறை வில்லன். பனித் துப்பாக்கி வைத்துக்கொண்டு திருடுவான், அவ்வளவுதான். பால் டினி 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' அத்தியாயத்தில் அவனுக்கு ஒரு மனைவியைக் கொடுத்தார். நோய்வாய்ப்பட்டு உறைநிலையில் கிடக்கும் நோரா. மைக்கேல் அன்சாரா உணர்ச்சியே இல்லாத குரலில் பேசப் பேச, கேட்பவர்களுக்குத்தான் தொண்டை அடைக்கும். உருவத்தை வரைந்து கொடுத்தவர், பிறகு ஹெல்பாயைப் படைத்த மைக் மிக்னோலா. அந்த எழுத்துக்கு டினிக்கு எம்மி விருது கிடைத்தது. எல்லாம் இருபத்துச் சொச்சம் நிமிடத்துக்குள். துப்பாக்கி, உடை, பனி எல்லாமே பழையவை. உள்ளே இருந்த மனிதன் மட்டும் புதியவன். அப்சல்யூட் செய்வது அது இல்லை. அது வீட்டையே இடித்துக் கட்டுகிறது.

இரவுப்பறவை

அண்ணா, இவ்வளவு சொன்னீர்கள், ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள். நீங்கள் பேசுவது முழுக்க பேட்மேன் தொடரை வைத்து. 90களின் மற்ற தொடர்களையும் அதே தட்டில் வைத்துப் புகழாதீர்கள், நிற்காது.

ஸ்பைடர்மேனையே எடுங்கள். அவன் யாரையாவது முகத்தில் குத்திப் பார்த்திருக்கிறீர்களா? வலையில் சுற்றுவான், தள்ளுவான், தாவுவான். போலீஸ்காரர்கூட லேசர் துப்பாக்கி வைத்திருப்பார். மார்பியஸ் ரத்தக் காட்டேரி. ஆனால் ரத்தம் என்ற பேச்சே கூடாது. அதனால் 'பிளாஸ்மா' என்று சொல்லிக்கொண்டு உள்ளங்கையில் இருக்கும் ஓட்டையால் உறிஞ்சுவான். யோசித்துப் பார்த்தால் பல்லால் கடிப்பதைவிட இதுதான் அருவருப்பு! தணிக்கை செய்தவருக்கு அது தோன்றவில்லை. அப்புறம் அதே ஊஞ்சல் காட்சி, அதே கட்டடம், அத்தியாயத்துக்கு அத்தியாயம் திரும்ப வரும்.

எக்ஸ்-மென் 1992 இன்னும் மோசம். முகப்பு இசை ஓடும் ஒரு நிமிடம் அற்புதம். அதற்குப் பிறகு பாதிப் பேர் மரக்கட்டை மாதிரி நிற்பார்கள். கடைசிப் பருவத்தின் கடைசி அத்தியாயங்களில் முகங்களே மாறிவிடும். இப்போது திரும்பப் போட்டுப் பாருங்கள். ஏக்கம் என்பது கண்ணுக்கு மை தடவுவது மாதிரி, பார்ப்பதெல்லாம் அழகாகத்தான் தெரியும்.

பழையபெட்டி

தம்பி, அசைவு மட்டம் என்பதை யார் மறுத்தார்கள்? எக்ஸ்-மென் எதில் ஜெயித்தது என்று பாருங்கள். சனிக்கிழமைக் காலையில் குழந்தைகளுக்கு ஓடும் தொடரில், முதல் பருவம் முழுக்க ஒரே தொடர்கதை. ஒன்றை விட்டால் அடுத்தது புரியாது. தொடக்கக் கதையிலேயே குழுவில் இருந்த மார்ஃபைக் கொன்றார்கள், பீஸ்ட்டைச் சிறையில் போட்டார்கள். ஒதுக்கப்பட்டவர்கள், வெறுக்கப்பட்டவர்கள் என்ற அடிநாதத்தை நீர்த்துப்போக விடவே இல்லை. டார்க் ஃபீனிக்ஸ் கதையை எந்த சினிமாவும் எடுத்ததைவிட ஒழுங்காக எடுத்தது அந்த மரக்கட்டைத் தொடர்தான். இரண்டு முறை சினிமாவாக எடுத்தும் அந்தக் கதை கைகூடவில்லை, நீங்களே பார்த்தீர்கள்.

தணிக்கை விஷயத்தில் இன்னொன்று. ஜோக்கர் ஆளைக் கொல்லக் கூடாது என்றார்கள். சிரிப்பு வாயுவால் முகத்தை இளிக்க வைத்தார்கள். எனக்கு அது பிணத்தைவிடப் பயமாக இருந்தது. கை கட்டப்பட்டதால் மூளை வேலை செய்த இடங்கள் அந்தத் தொடரில் நிறைய. இன்றைய மாதாந்தரக் காமிக்ஸில் எதை வேண்டுமானாலும் காட்டலாம், அதனாலேயே பல இடங்களில் எதுவும் உறைப்பதில்லை.

முதல்பக்கம்

வணக்கம், இந்தப் பக்கத்துக்குப் புதியவள். நான் 2024இல் பழைய எக்ஸ்-மென் கார்ட்டூனின் தொடர்ச்சியான 'எக்ஸ்-மென் '97' பார்த்துத்தான் இந்த உலகத்துக்குள்ளேயே வந்தேன். பழைய தொடரை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். அதனால் எனக்கு ஏக்கம் என்று எதுவும் கிடையாது, ஆனாலும் பிடித்தது. அந்த ஐந்தாவது அத்தியாயம் (ஸ்பாய்லர், பார்க்காதவர்கள் தாண்டிப் போங்கள்) பிறவியிலேயே சக்தி உள்ள மியூட்டன்ட்களின் தீவு நாடு ஜெனோஷா அழிவதும், எக்ஸ்-மென் குழுவின் கேம்பிட் சாவதும் பார்த்து இரண்டு நாள் வேறு எதுவும் ஓடவில்லை. அது எந்தக் காமிக்ஸில் வருகிறது? எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

கட்டம்கட்டி

முதல்பக்கம், நல்ல நேரத்தில் வந்தீர்கள். உங்கள் கேள்வியிலேயே என் வாதத்துக்குச் சாட்சி இருக்கிறது.

ஜெனோஷா அழிவு 2001இல் கிராண்ட் மாரிசன் எழுத, ஃபிராங்க் குவைட்லி வரைந்த 'நியூ எக்ஸ்-மென்' தொடரின் முதல் கதையில் வருகிறது. ஒரு கோடியே அறுபது லட்சம் மியூட்டன்ட்கள் ஒரே தாக்குதலில் சாகிறார்கள். பழைய கார்ட்டூன் முடிந்தது 1997இல். அதாவது எக்ஸ்-மென் '97 செய்த வேலை என்ன? பழைய தொடரின் உடை, இசை, வுல்வரினுக்குக் கால் டாட், ரோகுக்கு லெனோர் ஜான் என்று அதே குரல்கள், எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, அந்தத் தொடர் நின்ற பிறகு வந்த கதையை அதற்குள் கொண்டுவந்து வெடிக்க வைத்தது. அதுவும் அப்படியே இல்லை. காமிக்ஸில் அந்தத் தாக்குதலில் கேம்பிட்டுக்கு வேலையே கிடையாது. ரோகும் அவனும் மேக்னெட்டோவும் சிக்கிக்கொண்ட அந்த முக்கோணத்தை அழிவின் நடுவில் வைத்ததுதான் தொடரின் சொந்தச் சரக்கு. அதனால்தான் பழைய தொடரைப் பார்க்காத உங்களையும் அது பிடித்தது.

வெறும் தொடர்ச்சிக் காமிக்ஸ் இதைச் செய்வதில்லை என்பதுதான் என் குறை. விட்ட இடத்தில் தொட்டு, முடிச்சுகளை அவிழ்த்து, ரசிகனைச் சமாதானம் செய்து அனுப்புகிறது. 2021இல் வந்த 'ஜஸ்டிஸ் லீக் இன்ஃபினிட்டி'யும் அப்படித்தான். அதுவும் டிமேட்டீஸ் எழுதியது, கூடவே பழைய ஜஸ்டிஸ் லீக் கார்ட்டூனின் தயாரிப்பாளர் ஜேம்ஸ் டக்கர். படிக்கச் சுகமாக இருக்கும். படித்து முடித்த பிறகு பேச ஒன்றும் இருக்காது.

மைக்கூடு

2020இல் வந்த 'பேட்மேன்: தி அட்வென்ச்சர்ஸ் கன்டின்யூ'வையும் அதே கணக்கில் சேர்ப்பீர்களா? பால் டினி, ஆலன் பர்னெட் எழுதி டை டெம்பிள்டன் வரைந்தது. பழைய தொடரில் இடம் பெறாத ஜேசன் டாட் கதையை அந்த உலகத்துக்குள் கொண்டுவந்தார்கள். எனக்கு அது சமாதானம் செய்து அனுப்பியதாகத் தெரியவில்லை. பேட்மேனின் இளம் துணைவனான ராபின் வேடத்தில் டிம் டிரேக்தான் இரண்டாவது ஆள் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தோம். நடுவில் ஒருவன் இருந்தான், அவனைப் பற்றி யாரும் பேசவே இல்லை என்று சொல்வது சின்ன விஷயமா?

கட்டம்கட்டி

மைக்கூடு, அந்த ஒன்றுக்கு விலக்கு கொடுக்கலாம். உருவாக்கியவர்களே திரும்பி வந்தார்கள் என்பதால் இல்லை. அவர்கள் தங்கள் கதையையே கிளறினார்கள் என்பதால்.

ஒற்றைஇதழ்

எனக்கு வேறு குறை. யார் வாரிசு என்பதெல்லாம் இருக்கட்டும், படிக்கிறவன் பாடு என்ன?

பழைய தொடரில் ஒரு அத்தியாயம் பார்த்தால் ஒரு கதை முடியும். அந்தத் தொடரை ஒட்டி 1992 முதல் 1995 வரை 'தி பேட்மேன் அட்வென்ச்சர்ஸ்' என்று 36 இதழ் வந்தது. பெரும்பாலும் கெல்லி பக்கெட் எழுதினார். மைக் பேரோபெக் வரைந்த இதழ்களைப் புரட்டிப் பாருங்கள். பத்துக் கோடு போடுகிற இடத்தில் மூன்று கோடு போட்டிருப்பார், ஆனால் ஆள் பக்கத்தை விட்டுத் தாவி வெளியே வருவான். ஒரு இதழ், மூன்று அங்கம், கதை முடிந்தது. குழந்தைகள் புத்தகம் என்று ஓரமாக வைத்தார்கள். அதே வருடங்களில் முதன்மைக் காமிக்ஸ் தொடரில் பேட்மேனின் முதுகெலும்பை உடைத்து, ஆளை மாற்றி, பல தலைப்புகளில் கதையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இன்று எதை எடுத்துத் திரும்பப் படிக்கிறோம்?

இப்போது அப்சல்யூட் பேட்மேன் முதல் கதை ஆறு இதழ். ஒரு இதழில் பாதி சண்டை, அதில் பாதி முழுப்பக்கப் படம். டிராகோட்டா வரைவதால் மன்னிக்கலாம். ஆனால் மாதம் ஒன்றாகப் படித்தால் போன மாதம் என்ன நடந்தது என்று முன்னாடி இருந்து புரட்ட வேண்டியிருக்கிறது.

மைக்கூடு

அதற்கு விடை சொன்ன புத்தகம் ஒன்று இருக்கிறது. 2024 ஜனவரியில் தொடங்கிய 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்'. ஜொனாதன் ஹிக்மன் எழுத்து, முக்கிய ஓவியர் மார்கோ கெக்கெட்டோ. இதில் பீட்டருக்குச் சக்தி வருவதே முப்பதுகளின் நடுவில். மேரி ஜேனோடு கல்யாணம் ஆகி இரண்டு குழந்தைகள். பென் மாமா சாகவில்லை, மே அத்தைதான் போய்விட்டார். பென்னும் பத்திரிகை ஆசிரியர் ஜேமிசனும் சேர்ந்து பத்திரிகை தொடங்குகிறார்கள்! ஒவ்வொரு இதழுக்கும் கதைக்குள்ளும் ஒரு மாதம் ஓடும். நாம் காத்திருந்த அதே மாதம் அவர்களுக்கும் போயிருக்கும். மாதாந்தர வெளியீடு என்ற கட்டுப்பாட்டையே கதையின் விதியாக்கிவிட்டார். அந்த அல்டிமேட் வரிசையையே 2026இல் முடிப்பதாக மார்வெல் அறிவித்தது. ஓடுகிற குதிரையை நிறுத்துகிறார்களே என்று சிலருக்கு வருத்தம். எனக்கு நிம்மதி. முடிவு என்று ஒன்று இருந்தால்தானே கதை.

கல்யாணம் ஆன பீட்டர் வேண்டும் என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த ரசிகர்கள் யார்? 94 தொடரில் மேரி ஜேனைத் தொலைத்தவர்கள்தான். அவர்களுக்கு ஹிக்மன் கொடுத்த பதில் '94 காமிக்ஸைவிடப் பெரியது. இந்த இடத்தில் நான் கட்டம்கட்டி பக்கம்.

பழையபெட்டி

ஹிக்மன் புத்தகத்துக்கு நானும் கையைத் தூக்குகிறேன். ஏன் தெரியுமா? பீட்டரின் குணத்தில் அவர் கை வைக்கவே இல்லை. வயதையும் வீட்டையும் மாற்றினார், ஆள் அதே ஆள். வடிப்பது என்று நான் சொன்னது இதைத்தான்.

ஸ்னைடர் விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2012இல் 'பேட்மேன்' ஆண்டு மலரில் அவரும் ஜேம்ஸ் டைனியனும் சேர்ந்து ஃப்ரீஸ் கதையை மாற்றினார்கள். நோரா அவன் மனைவியே இல்லையாம். அவன் பிறப்பதற்கு முன்பே உறைய வைக்கப்பட்ட யாரோ ஒரு பெண். இவனாகக் காதலித்துக்கொண்டு, மனைவி என்று நம்பிக்கொண்டிருக்கிறானாம். அதிர்ச்சியாகத்தான் இருந்தது, எழுத்தும் மோசமில்லை. ஆனால் டினி கொடுத்த இதயத்தைப் பிடுங்கிவிட்டு அங்கே ஒரு திருப்பத்தை வைத்தார்கள். மற்ற எழுத்தாளர்கள் பிறகு மெதுவாகப் பழைய நோராவையே கொண்டுவந்துவிட்டார்கள். எது நின்றது என்று பாருங்கள்.

இப்போது அதே ஸ்னைடர் அப்சல்யூட் பேட்மேன் 7, 8 இதழ்களில் மறுபடி ஃப்ரீஸை எடுத்தார். மார்கோஸ் மார்ட்டின் ஓவியம் அபாரம், பனியை அவர் வரைந்திருப்பதைப் பார்த்தாலே குளிர்கிறது. ஆனால் அந்த ஃப்ரீஸ் முழுக்க முழுக்க ஒரு பயங்கர உரு. இரக்கத்துக்கு இடமே இல்லை.

கட்டம்கட்டி

2012 விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம். அது முதன்மைத் தொடர், எல்லோருடைய ஃப்ரீஸும் அவன்தான். அங்கே மாற்றினால் பழையது அழிகிறது. அப்சல்யூட் தனி உலகம். டினியின் ஃப்ரீஸ் எங்கேயும் போகவில்லை. ஒருவன் மேல் இரக்கம் வரும்படி எழுதிவிட்டார்கள் என்பதற்காக முப்பது வருடம் கழித்தும் எல்லோரும் அதையே எழுத வேண்டுமா? அப்படி எழுதினால் 1992க்கு முன்னால் டினியும் மிஸ்டர் ஜீரோவையே எழுதிக்கொண்டிருந்திருப்பார்.

அப்சல்யூட்டில் இரக்கம் இல்லை என்பதும் சரியில்லை. இரக்கத்தை வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள். வேலன் ஜோன்ஸ், ஹார்வி, ஆஸ்வால்ட், எட்வர்ட் எல்லோரும் அதில் புரூஸின் சின்ன வயசுக் கூட்டாளிகள். கில்லர் க்ராக், டூ-ஃபேஸ், பெங்குவின், ரிட்லர் என்று நமக்குத் தெரிந்த பெயர்கள். தொடக்க இதழ்களில் அவர்கள் இன்னும் அப்படி ஆகவில்லை. ஒன்றாக உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள், கேலி செய்கிறார்கள். அதைப் படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. வில்லனுக்கு உள்ளே ஒரு மனிதன் இருக்கிறான் என்று 1992 தொடர் சொல்லிக்கொடுத்த பாடம் இல்லாமல் அந்தக் காட்சிகளை யாரும் எழுதியிருக்க முடியாது.

இரவுப்பறவை

இதை மட்டும் மறுக்க முடியவில்லை. சீட்டாட்டக் காட்சி நல்ல காட்சி.

ஆனால் ஒன்று: கார்ட்டூனிலிருந்து காமிக்ஸுக்கு வந்த பெரிய சொத்து ஹார்லி க்வின். 1992இல் ஜோக்கரின் ஒரு அத்தியாயத்துக்காக டினியும் டிம்மும் எழுதிச் சேர்த்த துணைப் பாத்திரம், ஆர்லீன் சார்கின் குரல். இன்று அவளுக்குத் தனித் தொடர், சினிமா எல்லாம் உண்டு. அவளை வளர்த்து வளர்த்து, ஜோக்கரை விட்டு விலகிய பெண், பாய்சன் ஐவி என்ற இன்னொரு வில்லியின் காதலி, பாதி நாயகி என்று எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் பழையதை மாற்றக்கூடாது என்று ஃப்ரீஸுக்கு அழுகிறவர்கள் ஹார்லிக்கு ஏன் அழுவதில்லை?

பழையபெட்டி

ஹார்லி மாறவில்லை, வளர்ந்தாள். அவளை உருவாக்கியவர்களே 1994இல் 'மேட் லவ்' காமிக்ஸ் எழுதியபோது, அவள் ஏன் அவனை விட்டுப் போக வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதிவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் அந்தக் கதவு வழியாக நடந்துபோனார்கள். 2012 ஃப்ரீஸுக்கு அப்படி ஒரு கதவு இல்லை, சுவரை உடைத்தார்கள்.

முதல்பக்கம்

எல்லோரும் அடித்துக்கொள்கிறீர்கள், என் கேள்வி நடுவில் தொலைந்துவிட்டது. எங்கிருந்து படிக்க?

கட்டம்கட்டி

தொலையவில்லை. ஜெனோஷாவுக்கு 'நியூ எக்ஸ்-மென்' 114ஆம் இதழிலிருந்து தொடங்குங்கள், மூன்று இதழில் அந்தக் கதை முடியும். பழைய தொடரின் சுவை வேண்டும் என்றால் 'பேட்மேன் அட்வென்ச்சர்ஸ்' எந்த இதழையும் எடுக்கலாம். புதியதில் 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' முதலில், அப்புறம் கெல்லி தாம்சனும் ஹேடன் ஷெர்மனும் செய்யும் 'அப்சல்யூட் வொண்டர் வுமன்'. அமேசான் வீராங்கனைகளின் தீவில் வளராமல் நரகத்தில் சூனியக்காரி சர்சியிடம் வளர்ந்த டயானா. அப்படி வளர்ந்தும் அந்தப் பெண்ணிடம் கருணை குறையவே இல்லை. பழையபெட்டி அண்ணாவுக்கும் அதில் குறை சொல்ல இடம் கிடைக்காது. அப்சல்யூட் பேட்மேன் மூன்றாவதாக. 'மேட் லவ்' எப்போது வேண்டுமானாலும்.

இரவுப்பறவை

'மேட் லவ்' எப்போது வேண்டுமானாலும் இல்லை. முதலில் 'ஜோக்கர்ஸ் ஃபேவர்' அத்தியாயத்தைப் பாருங்கள், ஹார்லி முதன்முதலில் வருவது அதில்தான். அவளை வெறும் எடுபிடியாகப் பார்த்துவிட்டு 'மேட் லவ்' படித்தால்தான் அடி விழும். அப்புறம் '94 காமிக்ஸைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட்டார், கவனித்தீர்களா? மேரி ஜேன் என்ன ஆனாள் என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் அதையும் எடுங்கள். சமாதானம் செய்து அனுப்பும் கதையிலும் ஒரு தப்பும் இல்லை.